ஒரகடத்திலிருந்து உளவியல் வகுப்புக்கு

இளநிலையில் பொறியியலோ கணினியோ வணிகவியலோ படித்தவர், முதுநிலையில் உளவியல் படிக்கலாம். இந்தியாவில் அதற்குப் பொதுவான தடை எதுவும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2024 ஜூனில் வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: இளநிலையில் எதைப் படித்திருந்தாலும், தேசிய அளவிலோ பல்கலைக்கழக அளவிலோ நடக்கும் நுழைவுத்தேர்வில் ஒரு பாடத்தில் தேறியவர் அந்தப் பாடத்திலேயே முதுநிலை சேரலாம். ஆனால் யுஜிசி வழி திறந்துவிட்டது என்பதால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் திறந்துவிட்டன என்று பொருளில்லை. எந்தப் பட்டம் இருந்தாலும் சரி என்பவை உண்டு. இளநிலையில் உளவியலை முதன்மைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்பவையும் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்புக்கு ஒரு விதி, பக்கத்துப் படிப்புக்கு வேறு விதி என்பதும் சாதாரணம். அதனால் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் தகுதிப் பத்தியை ஒரு சொல் விடாமல் படிப்பதுதான் முதல் வேலை.

ஆலைகள் நிறைந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், வேறு பாடம் படித்தவர் உளவியலுக்கு வரலாமா என்ற கேள்விக்குத் தனி எடை உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் வந்து 2014-இல் மூடியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாகத் திறந்தன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். டிப்ளமோ, பி.இ., பி.எஸ்சி. முடித்த கையோடு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆண்டுதோறும் இங்கே வந்து சேர்கிறார்கள். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று வாரம் மாறி வாரம் உடல் புரண்டுகொண்டிருக்கும்போது, எந்திரத்தைவிட அதன் முன் நிற்கும் மனிதர் மீது சிலருக்குக் கவனம் திரும்புகிறது. ஒரே லைனில் ஒருவர் ஏன் தவறு செய்கிறார், இன்னொருவர் ஏன் செய்வதில்லை? இரவு மூன்று மணிக்கு ஏன் எல்லோருடைய கையும் தளர்கிறது? நல்ல வேலைக்காரர் ஒருவர் திடீரென்று ஏன் யாரோடும் பேசாமல் போகிறார்? உளவியல் படிக்க விரும்புவதற்கு இவை போதுமான காரணங்கள்.

டிப்ளமோ மட்டும் முடித்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதுநிலைக்குள் நுழைய இளநிலைப் பட்டம் கட்டாயம். பாலிடெக்னிக் டிப்ளமோ அந்த இடத்தை நிரப்பாது. முதலில் ஒரு பட்டம், அதன் பிறகே உளவியல் முதுநிலை.

அடுத்து முடிவு செய்ய வேண்டியது, எந்த உளவியல் என்பது. இதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தபின் திகைத்து நிற்கிறார்கள். உளவியலில் எம்.எஸ்சி. பெற்றதாலேயே ஒருவர் மனநோய்க்குச் சிகிச்சை தரும் தகுதி பெற்றுவிடுவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மருத்துவ உளவியலாளர் யார் என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கழகம், அதாவது ஆர்சிஐ, ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி வேண்டும். அல்லது உளவியல் முதுநிலைக்கு மேல், அந்தக் கழகம் ஏற்ற, மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்துப் பயிலும் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும். அந்த எம்.ஃபில்.லில் சேர முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண் என்பது வழக்கமான விதி. இடங்களும் மிகக் குறைவு. புதிய கல்விக் கொள்கையை ஒட்டி எம்.ஃபில். பட்டமே நாடு முழுவதும் நிறுத்தப்பட்டபோது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை யுஜிசி விலக்கு அளித்தது. ஆகவே மருத்துவமனையில் பணிபுரிய நினைப்பவர், தான் முதுநிலை முடிக்கும் ஆண்டில் நடப்பில் இருக்கப்போகும் படிப்பு எது என்பதை ஆர்சிஐ அறிவிப்புகளில் பார்த்துத் திட்டமிட வேண்டும். அண்ணனோ அக்காவோ ஐந்து வருடத்துக்கு முன் போன பாதையை நம்பி இறங்கக் கூடாது.

ஆலோசனை உளவியல் வேறு. பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம், தொழிற்சாலையின் நலப்பிரிவு ஆகிய இடங்களில் ஆலோசகராகப் பணிபுரிய முதுநிலைப் பட்டமும் நல்ல களப்பயிற்சியும் அடிப்படை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ உளவியலாளர் அல்லாத உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருப்பதால், இந்தத் துறையும் முறைப்படுத்தலை நோக்கி நகர்கிறது. மூன்று மாதச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு அறை எடுத்துப் பலகை மாட்டுவது, வருபவரின் உயிரோடு விளையாடுவது. அந்தச் சான்றிதழ்களை விற்கும் விளம்பரங்கள் ஒரகடத்து இளைஞர்களின் கைபேசிகளுக்கும் தாராளமாக வருகின்றன.

மூன்றாவது, தொழில்–நிறுவன உளவியல். ஆள் தேர்வு, பயிற்சி, வேலை வடிவமைப்பு, பாதுகாப்பு, சோர்வு, தொழிலாளர்–நிர்வாக உறவு ஆகியவை இதன் களம். 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீண்ட ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலை வேலைநிறுத்தம் போன்ற ஒன்றைப் புரிந்துகொள்ள ஊதியக் கணக்கு மட்டும் போதாது. மரியாதை, நீதி, குழு உணர்வு பற்றிய ஆய்வும் வேண்டும். ஆலையிலிருந்து வருபவருக்கு மிக இயல்பாகப் பொருந்தும் பிரிவு இது. ஆனாலும் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் இதை எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. உளவியல் என்றாலே எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது என்ற படம் மனதில் பதிந்துவிட்டது.

ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு நெடுங்காலம் உதவிய வழி தொலைநிலைக் கல்வி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், அதாவது இக்னோவின், எம்.ஏ. உளவியல் எந்தப் பட்டதாரியையும் ஏற்றது. இரண்டாம் ஆண்டில் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், தொழில்–நிறுவன உளவியல் என்று பிரிவைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. ஞாயிறு வகுப்பு, வீட்டில் படிப்பு, விடுப்பு போட்டுத் தேர்வு என்று வேலையை விடாமலே முடித்தவர்கள் ஏராளம். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2021 சட்டத்தின் கீழ் வரும் உடல்நலப் படிப்புகளை, உளவியலையும் சேர்த்து, திறந்தநிலை, தொலைநிலை, இணையவழி முறைகளில் நடத்தக் கூடாது என்றும் 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கை கூடாது என்றும் யுஜிசி அறிவித்தது. இதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு மனிதரின் மனதைக் கையாளும் பயிற்சி நேரில்தான் நடக்க வேண்டும். ஆனால் மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல் வந்த இந்த முடிவின் முழுச் சுமையும் சம்பளத்தை நம்பி வாழும் பட்டதாரி மேல்தான் விழுந்திருக்கிறது. வேறு பாடம் படித்தவர் என்பது இன்று இரண்டாம்பட்சத் தடை. பகல் முழுக்க வகுப்பில் உட்கார முடியாது என்பதே முதல் தடை.

நேரடி வகுப்புக்குப் போக முடிந்தவர்களுக்கு இடங்கள் தூரத்தில் இல்லை. ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரிலேயே, பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. 1993-இல் தொடங்கி, 2012-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமான அது, உளவியலில் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. ஆலைப் பேருந்துகளில் அதன் வாசலைக் கடந்துபோகும் பலருக்கு இது தெரியாது. சென்னையில், 1943-இல் ஜி.டி. போவாஸ் தலைமையில் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழக உளவியல் துறை நாட்டின் பழைய துறைகளுள் ஒன்று. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் நிறுவிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் எழும்பூரில் ஆலோசனை உளவியல் கற்றுத்தருகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் பட்டியலில் வைக்கலாம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குச் சியூஇடி–பிஜி நுழைவுத்தேர்வு. கணினியில் 75 கொள்குறி வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானதற்கு 1 கழியும். உளவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது என்பது தமிழ்வழியில் படித்தவருக்குக் கூடுதல் பாரம். கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே பழகியாக வேண்டும். தொடங்குவதற்கு என்சிஇஆர்டியின் 11, 12-ஆம் வகுப்பு உளவியல் புத்தகங்களைவிட நல்ல இடம் இல்லை. இலவசம், சுருக்கம், தெளிவு. அடுத்து மார்கன்–கிங் எழுதிய அறிமுகப் பாடநூல். உணர்தல், நினைவு, கற்றல், ஆளுமை, வளர்ச்சி, சமூக உளவியல், மனநோய்களின் வகைகள், மூளையும் நரம்பும், ஆய்வு முறையும் புள்ளியியலும் என்று பாடப்பரப்பு போகும். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் உளவியல் பாடங்கள் இருக்கின்றன. தேர்வெழுதிச் சான்றிதழும் பெறலாம். நேர்காணலில் அந்தச் சான்றிதழ், ஆர்வம் உண்மையானது என்பதற்குச் சாட்சியாக நிற்கும்.

புள்ளியியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உளவியலில் சேர்ந்த மாணவர்கள் பலர் பயப்படும் பாடம் அது. ஆலையின் தரப்பிரிவில் இருந்தவருக்கோ பாதி தெரிந்த பாடம். கேஜ் ஆர் அண்ட் ஆர் சோதனை செய்தவருக்குத் தெரியும்: ஒரே பாகத்தை ஒரே மைக்ரோமீட்டரால் இரண்டு பேர் பலமுறை அளந்தால் எண்கள் மாறும், அந்த மாற்றத்தில் கருவியின் பங்கு எவ்வளவு, அளந்தவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வேண்டும். உளவியல் சோதனைகளின் நம்பகத்தன்மை என்று வகுப்பில் நடத்தப்போவது இதே கேள்விதான். பாகத்துக்குப் பதில் மனிதர், மைக்ரோமீட்டருக்குப் பதில் வினாத்தாள். அளவுப் பிழையை உளவியலுக்குள் கணக்காகக் கொண்டுவந்த சார்லஸ் ஸ்பியர்மனும் வேறு தொழிலிலிருந்து வந்தவரே. பிரிட்டிஷ் ராணுவத்தில் பதினைந்து ஆண்டு அதிகாரியாக இருந்துவிட்டு, 1897-இல் வேலையை விட்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட்டிடம் உளவியல் படிக்கப் போனார். 1904-இல் அவர் எழுதிய கட்டுரைகள் இன்றைய சோதனைக் கோட்பாட்டின் அடித்தளம். முனைவர் பட்டம் கிடைத்தது 1906-இல், நாற்பதைத் தாண்டியபின்.

ஆலைக்கும் உளவியலுக்கும் உள்ள உறவு பழையது. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924-இல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் சோதனைகள் தொடங்கின. இன்று ஆலைச் சுவர்களில் தொங்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தை வால்டர் ஷூஹார்ட் வகுத்தது அதே நிறுவனத்தில், அதே ஆண்டில். ஹாதார்னில் 1927 முதல் 1932 வரை, தொலைபேசி ரிலே பூட்டும் ஐந்து பெண்களைத் தனியறையில் வைத்து, ஓய்வு இடைவேளை, வேலை நேரம், ஊதிய முறை ஆகியவற்றை மாற்றி மாற்றி உற்பத்தியை அளந்தார்கள். கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே உற்பத்தியை உயர்த்தியது என்ற முடிவு உலகப் புகழ் பெற்றது. பின்னால் வந்தவர்கள் அதைக் கடுமையாகவே விமர்சித்தார்கள். ஐந்து பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்களிலும் இருவர் நடுவில் மாற்றப்பட்டிருந்தார்கள். கைபேசி பூட்டும் பெண்களுக்கு நடுவில் வேலை பார்த்த ஒருவர் இந்த ஆய்வைப் படிக்கும்போது, ஆய்வாளர்கள் கேட்கத் தவறிய கேள்விகள் அவர் கண்ணில் படும். அந்த ரிலே அறைப் பெண்கள் எங்கே தங்கினார்கள், வீட்டுக்கு எவ்வளவு பணம் அனுப்பினார்கள், சூப்பர்வைசரிடம் விடுப்பு கேட்க எத்தனை முறை தயங்கினார்கள் என்று.

இன்னொரு ஆய்வு ஸ்ரீபெரும்புதூருக்கு மேலும் நெருக்கமானது. வியன்னா அருகே மரியன்தால் என்ற ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடியது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் குழுவாகப் போய், வேலையிழந்த குடும்பங்களின் உணவு, நேரம், நடை, நூலகத்தில் எடுத்த புத்தகம் வரை கணக்கெடுத்தார்கள். வேலை போனதும் ஓய்வு நேரம் கூடியது, ஆனால் படிப்பதும் பொதுக்காரியங்களில் கலந்துகொள்வதும் குறைந்தன. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. 1933-இல் நூலாக வந்த இந்த ஆய்வை நடத்தியவர்களில் லாசர்ஸ்ஃபெல்ட் கணிதத்தில் முனைவர், சைசல் சட்டம் படித்தவர். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது ஸ்ரீபெரும்புதூரிலும் இப்படி ஓர் ஆய்வுக்கு இடம் இருந்தது. அதைச் செய்யக்கூடியவர்கள் அந்த லைனிலேயே நின்றிருந்தார்கள்.

பொறியியலிலிருந்து வந்தவர்களுக்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். சுதீர் காக்கர் குஜராத் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தார். ஜெர்மனியில் வணிகம், வியன்னாவில் பொருளாதார முனைவர் பட்டம். அகமதாபாத்தில் உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சனைச் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பிராங்பர்ட்டில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்று இந்திய மனம் பற்றிய முக்கியமான எழுத்தாளராக வளர்ந்து, 2024 ஏப்ரலில் மறைந்தார். 1970-இல் வந்த அவருடைய தொடக்க கால நூல், ஸ்டாப்வாட்சோடு தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்த ஃபிரெடெரிக் டெய்லரின் ஆளுமையைப் பற்றியது. பொறியியலைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் உளவியலுக்கு வரவில்லை, அதன் கேள்வியைக் கையோடு கொண்டுவந்தார். டொனால்டு நார்மனும் அப்படியே: எம்ஐடியில் மின்பொறியியல், 1962-இல் கணித உளவியலில் முனைவர், பின்பு மனிதத் தவறுகள் பற்றிய ஆய்வு. பாகம் தலைகீழாகப் பொருந்தவே முடியாதபடி ஜிக் செய்யும் போகா-யோகே முறையை ஒரகடத்தில் எந்த டிரெய்னியும் அறிவார். அந்த முறை எந்த வகைத் தவறைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை விளக்கும் கோட்பாடு நார்மன் வேலை செய்த துறையில் இருக்கிறது.

விண்ணப்பத்தோடு இணைக்கும் விருப்ப அறிக்கையை எழுதும்போது இவையெல்லாம் பயன்பட வேண்டும். பெரும்பாலான அறிக்கைகள் ஒரே மாதிரி இருக்கின்றன: சிறு வயதிலிருந்தே மனிதர்களைப் பிடிக்கும், நண்பர்கள் என்னிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள், பொறியியல் பெற்றோர் விருப்பத்துக்காகப் படித்தது. தேர்வுக் குழுவுக்கு இதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. சொந்த மனவேதனையின் கதையை விரிவாக எழுதுவதும் உதவாது. படிக்க வருபவரின் கேள்வியைத்தான் குழு தேடுகிறது. மூன்று ஆண்டு ஷிஃப்டில் கண்ட ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஏற்கெனவே என்ன ஆய்வு இருக்கிறது என்று படித்து, எது இன்னும் விளங்கவில்லை என்று எழுதினால் அந்த அறிக்கை தனித்து நிற்கும். சுழல் ஷிஃப்டில் தூக்கம், விபத்துக்கு முந்தைய சிறு தவறுகளைத் தொழிலாளர்கள் ஏன் மறைக்கிறார்கள், ஒப்பந்தத் தொழிலாளரும் நிரந்தரத் தொழிலாளரும் ஒரே வேலையைச் செய்யும்போது உண்டாகும் மனநிலை என்று ஒரகடத்தில் கேள்விக்குப் பஞ்சமில்லை. பரிந்துரைக் கடிதம் ஒன்றாவது கல்லூரி ஆசிரியரிடமிருந்து வர வேண்டும். மேனேஜர் தரும் கடிதம் உழைப்பைச் சொல்லும். படிக்கும் திறனைச் சொல்லாது. நிறுவனத்தின் உள்விவரங்களை அறிக்கையில் எழுதாமல் இருப்பது அவசியம்.

கையில் கொஞ்சம் அனுபவம் இருந்தால் நல்லது. லக்ஷ்மி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தில் தன்னார்வலர்களுக்கு உளவியல் பட்டம் தேவையில்லை. மையமே பயிற்சி தருகிறது. கேட்பது எவ்வளவு கடினமான வேலை என்பது அங்கே சில மாதங்களில் புரிந்துவிடும். இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்பதும் சேர்ந்தே புரியும். வேலையை விடுவதற்கு முன்னால் அது புரிவது பெரிய லாபம்.

வெளிநாட்டு வழி சிலருக்கே பொருந்தும். பிரிட்டனில் வேறு பாடம் படித்தவர்களுக்கென்றே கன்வர்ஷன் எம்.எஸ்சி. படிப்புகள் இருக்கின்றன, பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க முனைவர் படிப்புகள் பல, உளவியல் பட்டம் இல்லாவிட்டாலும் புள்ளியியல், ஆய்வு முறை போன்ற அடிப்படைப் பாடங்களை முன்பே முடித்திருக்க எதிர்பார்க்கின்றன. இரண்டுமே ஒருவரை இந்தியாவில் நேரடியாக மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடுவதில்லை.

பணக் கணக்கில் கல்லூரிக் கட்டணத்தைவிட இரண்டு ஆண்டுச் சம்பளம் நிற்பதுதான் பெரிய செலவு. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட பாண்ட், ரிலீவிங் லெட்டர், வீட்டுக் கடன் தவணை, தங்கையின் கல்விச் செலவு ஆகியவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். இரவு ஷிஃப்டில் வேலை, பகலில் கல்லூரி என்ற திட்டம் காகிதத்தில் சரியாக வரும். உடல் அதைச் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. முதுநிலை உளவியலில் களப்பயிற்சி நேரங்களும் உண்டு என்பதால் வருகைப்பதிவை ஏமாற்றவும் வழியில்லை, ஏமாற்றவும் கூடாது.

வேலையும் படிப்பும் இப்படி மோதுவதைச் சரிசெய்ய வேண்டியது பல்கலைக்கழகங்களும் அரசும்தான். தொலைநிலைப் படிப்பை நிறுத்தியது சரியென்றால், வேலையில் இருப்பவர்களுக்காக நேரடி வகுப்பை மாலையிலும் வார இறுதியிலும் மூன்று ஆண்டுக்குப் பரப்பி, ஸ்ரீபெரும்புதூரிலேயே நடத்த வேண்டும். அதற்கான தேசிய நிறுவனம் அதே ஊரில் இருக்கிறது. களப்பயிற்சிக்கான தொழிற்சாலைகளும் விடுதிகளும் சுற்றிலும் இருக்கின்றன. படிக்க விரும்பும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள்.